பாகுநிலை அளவுகள்: மெட்ரிக் அலகிலிருந்து அமெரிக்க அலகுக்கும், அங்கிருந்து திரும்பவும் மாற்றும் முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் செய்த ஹைட்ராலிக் பிரஸ்ஸின் கையேடு "100° ஃபாரன்ஹீட்டில் 150 எஸ்எஸ்யு" (சேபோல்ட் யுனிவர்சல் செகண்ட்) என்கிறது. ஆயில் பேரலில் "விஜி 32" என்று எழுதியிருக்கிறது, அதாவது 40° செல்சியஸில் 32 சென்டிஸ்டோக்ஸை நடு எண்ணாகக் கொண்ட ஐஎஸ்ஓ பாகுநிலை வகுப்பு. லேப் ரிப்போர்ட் 40° செல்சியஸில் சென்டிஸ்டோக்ஸ் கணக்குக் கொடுக்கிறது. மூன்றும் பாகுநிலையின், அதாவது திரவம் ஓட எவ்வளவு தயங்குகிறது என்பதன் அளவுகள். அவை ஒரே ஆயிலைப் பற்றிப் பேசுகின்றனவா என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. கோவையிலிருந்து அமெரிக்காவுக்குப் பம்ப் அனுப்புகிறவர்களுக்கும், அங்கிருந்து வந்த இயந்திரத்தை இங்கே ஓட்டுகிறவர்களுக்கும் இது அடிக்கடி வந்து நிற்கிற கணக்கு.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் பெருக்கல் எண்ணைத் தேடித்தான் முதலில் ஓடுகிறார்கள். எண் சுலபமாகக் கிடைத்துவிடும். தவறு நடப்பது அதற்கு முன்னால், எதை எதாக மாற்றுகிறோம் என்று பார்க்காத இடத்தில். அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அளவீட்டின் எண், அதன் அலகு, அளந்த வெப்பநிலை ஆகிய மூன்றும் இல்லாமல் கணக்கைத் தொடாதீர்கள். வெப்பநிலை இல்லாத பாகுநிலை எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கொடுத்தவரிடம் திரும்பக் கேட்பதுதான் ஒரே வழி.

இவற்றோடு திரவத்தின் அடர்த்தியும், அது எந்த வெப்பநிலையில் அளந்தது என்பதும் தேவைப்படலாம். ஆயில் என்றால் டேட்டா ஷீட்டில் 40° மற்றும் 100° செல்சியஸில் உள்ள இரண்டு பாகுநிலை எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். வெப்பநிலையை நகர்த்த இரண்டும் வேண்டும்.

2. எந்த வகை என்று முதலில் தீர்மானியுங்கள்

பாகுநிலை அளவுகள் மூன்று குடும்பங்களாக வருகின்றன. முதல் இரண்டில், ஒரு குடும்பத்துக்குள் மாற்றப் பெருக்கல் போதும். குடும்பம் விட்டுக் குடும்பம் போக வேறு தகவல் வேண்டும்.

முதலாவது டைனமிக் பாகுநிலை. திரவத்தின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நகர எவ்வளவு விசை தேவை என்பதன் அளவு இது. பாஸ்கல் செகண்ட், பாய்ஸ், சென்டிபாய்ஸ் ஆகியவை மெட்ரிக் பக்கம். அமெரிக்கப் பக்கம் பவுண்டு, அடி, செகண்ட் சேர்ந்த அலகுகளும், பேரிங் வடிவமைப்பில் வரும் ரெயின் என்ற அலகும் உண்டு.

இரண்டாவது கினமேட்டிக் பாகுநிலை. டைனமிக் பாகுநிலையை அடர்த்தியால் வகுத்தால் இது வரும். ஸ்டோக்ஸ், சென்டிஸ்டோக்ஸ், சதுர மீட்டர் / செகண்ட், சதுர அடி / செகண்ட் எல்லாம் இதில் சேரும்.

மூன்றாவது, குறிப்பிட்ட துளை வழியாகக் குறிப்பிட்ட அளவு திரவம் இறங்க ஆகும் நேரம். அமெரிக்காவின் சேபோல்ட், பிரிட்டனின் பழைய ரெட்வுட், பெயின்ட் கடையின் ஃபோர்டு கப் ஆகியவை இந்தக் குடும்பம். பார்க்க நேரம் போல இருந்தாலும் இது கருவியைச் சார்ந்த ஓர் எண். ஒரு கருவியின் 60 செகண்டும் இன்னொரு கருவியின் 60 செகண்டும் ஒன்றல்ல.

அலகில் பவுண்டு, பாஸ்கல், பாய்ஸ் இருந்தால் டைனமிக். நிறையோ விசையோ இல்லாமல் பரப்பும் நேரமும் மட்டும் இருந்தால் கினமேட்டிக். வெறும் செகண்ட் என்றால் மூன்றாவது குடும்பம். எஸ்எஸ்யு, எஸ்யுஎஸ் என்று இரண்டு விதமாக எழுதுவார்கள், இரண்டும் ஒன்றே.

3. வெப்பநிலைகளை அருகருகே எழுதுங்கள்

மாற்ற வேண்டிய எண்ணின் வெப்பநிலையையும், விடை எந்த வெப்பநிலையில் வேண்டும் என்பதையும் செல்சியஸில் எழுதிப் பாருங்கள். 100° ஃபாரன்ஹீட் என்பது 37.8° செல்சியஸ், 40° அல்ல. 210° ஃபாரன்ஹீட் என்பது 98.9°, 100° அல்ல.

இரண்டே டிகிரிதானே என்று விட்டுவிடுகிறார்கள். சாதாரண விஜி 46 மினரல் ஆயிலில் அந்த 2.2 டிகிரிக்குள் பாகுநிலை ஏறக்குறைய 11 சதவீதம் மாறிவிடும். ஐஎஸ்ஓ விஜி வகுப்பு நடு எண்ணிலிருந்து இரண்டு பக்கமும் 10 சதவீதம்தான் அனுமதிக்கிறது. ஆக, இந்த அலட்சியம் ஒன்றே ஆயிலை வகுப்புக்கு வெளியே தள்ளப் போதும்.

வெப்பநிலைகள் வேறாக இருந்தால், அதைச் சரிசெய்யும் வேலையைச் சென்டிஸ்டோக்ஸில் மட்டும் செய்யுங்கள். கணக்கு 8-ஆம் படியில் இருக்கிறது.

4. நடுவில் ஓர் அலகை நிறுத்துங்கள்

எந்த அலகிலிருந்தும் எந்த அலகுக்கும் நேரே தாவ வேண்டாம். டைனமிக் என்றால் சென்டிபாய்ஸ், கினமேட்டிக் என்றால் சென்டிஸ்டோக்ஸ். எது வந்தாலும் முதலில் இதற்குக் கொண்டுவந்து, பிறகு வேண்டிய அலகுக்குப் போங்கள். ஒரு படி கூடும், ஆனால் எங்கே தவறியது என்று தேடுவது எளிது. இந்த இரண்டு அலகுகளிலும் எண்கள் கையாளும் அளவில் இருப்பதால் தசமப் புள்ளி நழுவுவதும் குறையும்.

1 சென்டிபாய்ஸ் = 1 மில்லிபாஸ்கல் செகண்ட். 1 பாஸ்கல் செகண்ட் = 1,000 சென்டிபாய்ஸ். 1 பாய்ஸ் = 100 சென்டிபாய்ஸ். 1 சென்டிஸ்டோக்ஸ் = 1 சதுர மில்லிமீட்டர் / செகண்ட். மெட்ரிக் பக்கம் இவ்வளவுதான்.

5. டைனமிக் பாகுநிலை: எந்தப் பவுண்டு என்று பாருங்கள்

அமெரிக்க அலகுகளில் அதிகம் பேர் விழும் குழி இதுதான். அங்கே பவுண்டு என்பது நிறையாகவும் இருக்கலாம், விசையாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே 32.174 மடங்கு வித்தியாசம். ஒன்றை மற்றொன்றாக எடுத்தால் விடை 30 மடங்குக்கு மேல் தப்பும்.

அலகின் அமைப்பே அதைக் காட்டிக்கொடுக்கும். பவுண்டின் கீழே அடியும் செகண்டும் பெருக்கலாக இருந்தால் அது நிறை. பவுண்டும் செகண்டும் மேலே, சதுர அடி கீழே என்றால் அது விசை.

1 பவுண்டு நிறை / (அடி × செகண்ட்) = 1,488.16 சென்டிபாய்ஸ்
1 பவுண்டு நிறை / (அடி × மணி) = 0.41338 சென்டிபாய்ஸ்
1 பவுண்டு விசை × செகண்ட் / சதுர அடி = 47,880.3 சென்டிபாய்ஸ்
1 மைக்ரோரெயின் = 6.8948 சென்டிபாய்ஸ்

ஸ்லக் / (அடி × செகண்ட்) என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். மூன்றாவது வரியில் உள்ள அதே அலகுதான் அது.

இரண்டாவது வரியில் உள்ள "மணி"யைக் கவனியுங்கள். வெப்பப் பரிமாற்றிக் கணக்குகளில் அமெரிக்கப் பொறியாளர்கள் மணிக் கணக்கில்தான் பாகுநிலையை எழுதுவது வழக்கம். அதைச் செகண்ட் என்று படித்தால் 3,600 மடங்கு பிழை. ரெயினின் மூலம் பவுண்டு விசை × செகண்ட் / சதுர அங்குலம். முழு ரெயின் மிகப் பெரிய அலகு என்பதால் நடைமுறையில் அதன் பத்து லட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோரெயினைப் பயன்படுத்துகிறார்கள்.

6. கினமேட்டிக் பாகுநிலை

இங்கே குழப்பம் குறைவு. 1 சதுர அடி / செகண்ட் = 92,903 சென்டிஸ்டோக்ஸ். 1 சதுர அங்குலம் / செகண்ட் = 645.16 சென்டிஸ்டோக்ஸ். 1 சதுர அடி / மணி = 25.806 சென்டிஸ்டோக்ஸ். பரப்பை மாற்றுகிறோம் என்பதால் 0.3048-ஐ இரண்டு முறை பெருக்க வேண்டும். ஒரு முறை மட்டும் பெருக்கிவிட்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

7. சென்டிஸ்டோக்ஸிலிருந்து சென்டிபாய்ஸ்: அடர்த்தி இல்லாமல் முடியாது

சென்டிபாய்ஸ் = சென்டிஸ்டோக்ஸ் × அடர்த்தி. இங்கே அடர்த்தி கிராம் / கன சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். தண்ணீருக்கு அது ஏறக்குறைய 1 என்பதால் இரண்டு எண்களும் ஒன்றாகவே தெரியும். அதைப் பார்த்துப் பழகியவர்கள் ஆயிலுக்கும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். மினரல் ஆயிலில் இது 15 சதவீதம் போலத் தப்பும்.

அமெரிக்க டேட்டா ஷீட்டில் அடர்த்தி மூன்று விதமாக வரலாம். பவுண்டு / அமெரிக்க கேலன் என்றால் 0.11983 ஆலும், பவுண்டு / கன அடி என்றால் 0.016018 ஆலும் பெருக்குங்கள். ஏபிஐ கிராவிட்டி (பெட்ரோலியத் துறையின் அடர்த்தி அளவுகோல்) என்றால், 141.5-ஐ (ஏபிஐ + 131.5) என்ற கூட்டுத்தொகையால் வகுங்கள். ஏபிஐ 30 என்பது 0.876 ஆகும். இந்த எண் 60° ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 15.6° செல்சியஸுக்கு உரியது.

பாகுநிலை எந்த வெப்பநிலையிலோ அந்த வெப்பநிலையின் அடர்த்திதான் வேண்டும். மினரல் ஆயிலில் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் அடர்த்தி ஏறத்தாழ 0.00065 குறையும். 15 டிகிரியில் 0.875 உள்ள ஆயில் 40 டிகிரியில் 0.859-க்கு வந்துவிடும். இது 2 சதவீத விஷயம். அவசரக் கணக்கில் விட்டுவிடலாம், ரிப்போர்ட்டில் விடக் கூடாது.

ஒரு முழுக் கணக்கு பார்ப்போம். 40 டிகிரியில் 46 சென்டிஸ்டோக்ஸ், அடர்த்தி 0.859. பெருக்கினால் 39.5 சென்டிபாய்ஸ். இதை 1,488.16 ஆல் வகுத்தால் 0.0266 பவுண்டு நிறை / (அடி × செகண்ட்). 0.41338 ஆல் வகுத்தால் 95.6 பவுண்டு நிறை / (அடி × மணி). 47,880.3 ஆல் வகுத்தால் 0.000825 பவுண்டு விசை × செகண்ட் / சதுர அடி. 6.8948 ஆல் வகுத்தால் 5.73 மைக்ரோரெயின். ஒரே ஆயில், ஒரே வெப்பநிலை, எண்கள் மட்டும் இவ்வளவு தூரம் தள்ளித் தள்ளி நிற்கின்றன. அலகை முழுதாக எழுதாமல் எண்ணை மட்டும் அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

8. வெப்பநிலையை நகர்த்துவது

டேட்டா ஷீட்டின் இரண்டு எண்களை வைத்து நடுவில் உள்ள வெப்பநிலைக்கு நேர்கோட்டில் ஊகிக்காதீர்கள். பாகுநிலை நேர்கோட்டில் இறங்குவதில்லை. முதலில் செங்குத்தாக விழுந்து, சூடு ஏற ஏறத் தட்டையாகும்.

பெட்ரோலிய ஆயில்களுக்கு ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தர அமைப்பின் டி341 தரும் முறை இது. சென்டிஸ்டோக்ஸோடு 0.7 கூட்டுங்கள். அதற்கு 10 அடிமான மடக்கை எடுங்கள். வந்த விடைக்கு மறுபடி மடக்கை எடுங்கள். வெப்பநிலையைக் கெல்வினாக்கி அதற்கும் மடக்கை எடுங்கள். இந்த இரண்டுக்கும் இடையே உறவு நேர்கோடு. 2 சென்டிஸ்டோக்ஸுக்கு மேல் இந்தச் சுருக்க வடிவம் நன்றாகவே ஒத்துவரும்.

40 டிகிரியில் 46, 100 டிகிரியில் 6.8 உள்ள ஆயிலை எடுப்போம். 46.7-க்கு இரட்டை மடக்கை 0.2225. 7.5-க்கு −0.0580. கெல்வின் மடக்கைகள் 2.4958, 2.5719. முதல் வித்தியாசத்தை இரண்டாவதால் வகுத்தால் சரிவு 3.68 கிடைக்கிறது. 37.8 டிகிரியின் கெல்வின் மடக்கை 2.4927. அதாவது 40 டிகிரியை விட 0.0031 குறைவு. இதைச் சரிவால் பெருக்கினால் 0.0114. 0.2225-உடன் கூட்டினால் 0.2339. இரண்டு முறை மடக்கையைத் திருப்பி, 0.7-ஐக் கழித்தால் 51.0 சென்டிஸ்டோக்ஸ். 46 எங்கே, 51 எங்கே!

கால்குலேட்டரில் செய்யும்போது இடையில் எண்களைச் சுருக்காதீர்கள். இரட்டை மடக்கையில் நான்காவது தசமம் கூட விடையை அசைக்கும். ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு முறை போட்டு வைத்தால் நிம்மதி.

9. சேபோல்ட் செகண்ட்: பெருக்கல் எண் மட்டும் போதாது

சேபோல்ட் யுனிவர்சல் செகண்ட் என்பது 60 மில்லிலிட்டர் திரவம் அந்தக் கருவியின் துளை வழியாக இறங்க ஆகும் நேரம். "4.632 ஆல் பெருக்கு" என்று பல அட்டைகளில் அச்சிட்டிருக்கும். அது 75 சென்டிஸ்டோக்ஸுக்கு மேல், 100° ஃபாரன்ஹீட்டில் மட்டும் பொருந்தும். 210° ஃபாரன்ஹீட்டில் அதே எண் 4.664.

கீழே வர வர அது உடைந்துபோகும். காரணம், பாகுநிலை குறைந்த திரவம் துளையில் வேகமாக ஓடுகிறது. உயரத்தால் கிடைக்கும் அழுத்தத்தில் ஒரு பகுதி அந்த வேகத்தைக் கொடுப்பதற்கே செலவாகிவிடுகிறது. அதனால் நேரமும் பாகுநிலையும் ஒரே விகிதத்தில் போவதில்லை. 10 சென்டிஸ்டோக்ஸை 4.632 ஆல் பெருக்கினால் 46 வரும், உண்மையான விடை 58.8 செகண்ட். 1.81 சென்டிஸ்டோக்ஸுக்குப் பெருக்கினால் 8 வரும், உண்மையான விடை 32. சேபோல்ட் அளவுகோலே 32 செகண்டில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே ஒரு விடை வந்தால் கணக்கு தவறு என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

செகண்டிலிருந்து சென்டிஸ்டோக்ஸுக்கு வர இந்த இரண்டு சூத்திரங்கள் போதும்:

32 முதல் 100 செகண்ட் வரை: சென்டிஸ்டோக்ஸ் = 0.226 × செகண்ட் − 195 ÷ செகண்ட்
100 செகண்டுக்கு மேல்: சென்டிஸ்டோக்ஸ் = 0.220 × செகண்ட் − 135 ÷ செகண்ட்

எதிர்த் திசையில், சென்டிஸ்டோக்ஸிலிருந்து செகண்டுக்குப் போக, ஏஎஸ்டிஎம் டி2161 தரும் சமன்பாட்டை எடுங்கள். சென்டிஸ்டோக்ஸை "ச" என்று வைத்தால்:

மேல் பகுதி = 1 + 0.03264 × ச
கீழ்ப் பகுதி = (3930.2 + 262.7 × ச + 23.97 × ச² + 1.646 × ச³) × 0.00001
செகண்ட் = 4.6324 × ச + மேல் பகுதி ÷ கீழ்ப் பகுதி

இது 100° ஃபாரன்ஹீட்டுக்கு. வேறு வெப்பநிலை என்றால் விடையை 1 + 0.000061 × (ஃபாரன்ஹீட் − 100) ஆல் பெருக்குங்கள். கடைசியில் வரும் இந்தத் திருத்தம் கருவியின் உலோகம் சூட்டில் விரிவதற்கு மட்டுமே. ஆயில் இளகுவதை இது கணக்கில் எடுத்துக்கொள்ளாது. இதைப் போட்டுவிட்டு வெப்பநிலை வேலை முடிந்தது என்று நினைப்பது அடிக்கடி பார்க்கும் பிழை.

வரிசை இங்கேதான் முக்கியம். கையேட்டின் 150 எஸ்எஸ்யு-வை எடுத்துக்கொள்வோம். முதலில் சென்டிஸ்டோக்ஸ்: 0.220 × 150 − 135 ÷ 150 = 32.1. ஆஹா, விஜி 32 என்று இங்கேயே நிறுத்திவிடத் தோன்றும். ஆனால் இது 37.8 டிகிரியின் எண். விஜி வகுப்பு 40 டிகிரிக்கு உரியது. 8-ஆம் படியின்படி 40 டிகிரிக்கு நகர்த்தினால் சுமார் 29. விஜி 32-இன் எல்லை 28.8 முதல் 35.2 வரை. மயிரிழையில் உள்ளே இருக்கிறது. விஜி 32 ஊற்றலாம், ஆனால் கையேடு கேட்டதைவிடக் கொஞ்சம் கெட்டியான ஆயில் போகிறது என்று தெரிந்துகொண்டு ஊற்றுங்கள்.

எதிர்த் திசைக்கு 46 சென்டிஸ்டோக்ஸ் ஆயில். 40 டிகிரியிலேயே செகண்டாக மாற்றினால் 214. முதலில் 37.8 டிகிரிக்கு நகர்த்தி 51.0 ஆக்கி, பிறகு மாற்றினால் 237. அமெரிக்க வாடிக்கையாளர் 100° ஃபாரன்ஹீட்டில் கேட்டால் அனுப்ப வேண்டியது 237. கடைகளில் தொங்கும் ஒப்பீட்டு அட்டைகள் பலவற்றில் விஜி 46-க்கு நேரே 215 என்று இருக்கும். ஆயிலைத் தேர்ந்தெடுக்க அது உதவும், டெஸ்ட் ரிப்போர்ட்டை மாற்ற உதவாது.

10. ஃபியூரால், கப், சுழலும் கருவி

ஆயிரம் செகண்டைத் தாண்டும் கெட்டித் திரவங்களுக்குச் சேபோல்ட் ஃபியூரால் துளை. நேரம் யுனிவர்சலில் ஆவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதிகப் பாகுநிலையில், 122° ஃபாரன்ஹீட்டில், ஃபியூரால் செகண்டை 2.12 ஆல் பெருக்கினால் சென்டிஸ்டோக்ஸ் வரும். நம் சாலைப் பணிகளில் பிட்டுமன் எமல்ஷனை ஃபியூரால் செகண்டில்தான் சோதிக்கிறார்கள். அங்கே தர எல்லையும் செகண்டிலேயே இருப்பதால் மாற்றாமல் அப்படியே ஒப்பிடுங்கள். தேவையில்லாத மாற்றம் பிழையைத்தான் கூட்டும்.

பெயின்ட்டில் ஃபோர்டு கப் 4 என்றால், செகண்டிலிருந்து 4.49 கழித்து 3.85 ஆல் பெருக்கினால் சென்டிஸ்டோக்ஸ். இது அந்தக் கப்புக்கு மட்டும். நம் ஊர்ப் பட்டறைகளில் பி4 கப் என்று சொல்வது வேறு துளை, அதற்கு இந்தச் சூத்திரத்தைப் போடாதீர்கள். எந்தக் கப் என்று பக்கவாட்டில் பொறித்திருப்பதைப் படித்துவிட்டே தொடங்குங்கள்.

சாஸ், கெட்டிப் பெயின்ட், டிரில்லிங் சேறு போன்றவை கலக்கும் வேகத்துக்கு ஏற்பப் பாகுநிலையை மாற்றிக்கொள்ளும். புரூக்ஃபீல்டு போன்ற சுழலும் கருவியில் வந்த சென்டிபாய்ஸை அமெரிக்க அலகுக்கு மாற்றலாம், தடையில்லை. ஆனால் ஸ்பிண்டில் எண்ணும் சுழல் வேகமும் அந்த எண்ணோடு ஒட்டியே போக வேண்டும். இவற்றைச் சென்டிஸ்டோக்ஸாகவோ சேபோல்ட் செகண்டாகவோ மாற்றக் கூடாது. கருவிகள் வெவ்வேறு வேகத்தில் திரவத்தை நகர்த்துவதால் கணக்கில் வரும் எண் அளவீட்டில் வராது.

11. தண்ணீரை வைத்துச் சரிபாருங்கள்

20 டிகிரித் தண்ணீர் எப்போதும் கூடவே இருக்கும் அளவுகோல். அதன் பாகுநிலை 1.00 சென்டிபாய்ஸ், 1.00 சென்டிஸ்டோக்ஸ். அமெரிக்க அலகில் 2.42 பவுண்டு நிறை / (அடி × மணி), 0.000673 பவுண்டு நிறை / (அடி × செகண்ட்), 0.0000209 பவுண்டு விசை × செகண்ட் / சதுர அடி, 0.0000108 சதுர அடி / செகண்ட்.

உங்கள் விடையைத் தண்ணீரின் எண்ணால் வகுத்துப் பாருங்கள். மேலே பார்த்த 39.5 சென்டிபாய்ஸ் ஆயில் எந்த டைனமிக் அலகில் இருந்தாலும் தண்ணீரைப் போல சுமார் 39 மடங்கு வர வேண்டும். 1,200 மடங்குக்கு மேல் வந்தால் நிறையும் விசையும் இடம் மாறியிருக்கும். லட்சத்தைத் தாண்டினால் மணியும் செகண்டும். 10 சதவீதம் போல ஆடினால் வெப்பநிலையைச் சந்தேகப்படுங்கள், 15 சதவீதம் குறைந்தோ கூடியோ நின்றால் அடர்த்தியை.

12. விடையை எழுதும் விதம்

மூன்று இலக்கத் துல்லியம் போதும். 150 எஸ்எஸ்யு-விலிருந்து 31.9 அல்லது 32.1 என்பது வேறு வேறு சூத்திரத்தில் வரும் வித்தியாசம். அதற்குப் பின்னால் நான்கு தசமம் எழுதுவதில் பொருளில்லை.

ரிப்போர்ட்டில் மூல அளவீட்டை அழிக்காதீர்கள். "100° ஃபாரன்ஹீட்டில் 150 எஸ்எஸ்யு (அளந்தது), 37.8° செல்சியஸில் 32.1 சென்டிஸ்டோக்ஸ் (கணக்கிட்டது), 40° செல்சியஸில் 29 சென்டிஸ்டோக்ஸ் (டி341 முறையில் நகர்த்தியது)" என்று ஒரே வரியில் எழுதுங்கள். அடர்த்தியைப் பயன்படுத்தியிருந்தால் அந்த எண்ணையும் அதன் வெப்பநிலையையும் அதே வரியில் சேருங்கள். அடுத்தவர் இதைத் திரும்ப மாற்ற வேண்டி வந்தால், நீங்கள் கணக்கிட்ட எண்ணிலிருந்து தொடங்காமல் அளந்த எண்ணிலிருந்தே தொடங்கலாம்.